தலைநகரில் மூன்று நாள்: நாம் பார்க்க மறுக்கும் கொழும்பு

"கொழும்பில் பார்க்கிறதுக்கு என்னதான் இருக்கு?" தலைநகர் சென்று திரும்பும் எமது மட்டக்களப்பு மக்கள் பலர் வாயிலாகப் பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாசகம் இது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோரும் இதையே வேறு தொனியில் சொல்கின்றனர். அவர்களின் பிள்ளைகளோ அதைக்கூடக் கேட்பதில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தையில் இரண்டு இரவு தங்கி, உடுதுணி வாங்கி, ஊருக்கு வாகனம் பிடித்துவிடுகின்றனர். இந்த வாசகத்துக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். அது அறியாமையால் மட்டும் வருகின்ற வாசகமன்று. எமக்குப் பெருங்கேடு விளைவித்துக்கொண்டிருக்கும் ஓர் அரசியல் சோம்பல் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது எனது துணிபு.

முதலில் எமது கொழும்பின் எல்லைகளைப் பார்ப்போம். வந்தாறுமூலையிலோ ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருந்து கொழும்பு செல்பவர் எதற்காகச் செல்கிறார்? கடவுச்சீட்டு, வீசா, ஆசுபத்திரி, நேர்முகப் பரீட்சை, விமான நிலையத்தில் வழியனுப்புதல். இரவு முழுவதும் பேரூந்திலோ புகையிரதத்திலோ முழங்கால் மடங்கிக் கிடந்து, விடியற்காலை கோட்டையில் இறங்கி, அலுவல் முடிந்ததும் அடுத்த வண்டியைப் பிடிக்கும் மனிதரிடம் வரலாறு பேசுவது கொடுமை என்பதை நான் அறிவேன். அவரைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டு மூன்று நாள் அவகாசம் கையில் இருந்தும், அந்த நாள்களைக் காலி வீதியின் கடைகளிலும், குளிரூட்டிய பேரங்காடிகளின் நகரும் படிக்கட்டுகளிலும் கழித்துவிட்டு வருபவரைப் பற்றியே பேசுகின்றேன். எமது பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாவைப் பற்றியும் பேசுகின்றேன். அந்தச் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை தவறாமல் இருக்கும். காலிமுகத்திடலில் இறால் வடை இருக்கும். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னர் தாமரைக் கோபுரமும் சேர்ந்துகொண்டது. அதில் கல்வி எங்கே இருக்கிறது என்று அதிபர்மார் யாராவது எனக்கு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

"அது எங்கட ஊர் இல்லையே" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். நாம் எமது வாயாலேயே இதைச் சொல்லிவிடுவதால், அதைச் சொல்ல வேண்டிய சிரமம் பேரினவாதிக்கு இல்லாமற் போகிறது. கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் சிங்களவர் மொத்தக் குடித்தொகையில் பாதிக்கும் குறைவானவர் என்பதையும், தமிழ்மொழியைப் பேசும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக உள்ளனர் என்பதையும் அரசாங்கத்தின் குடிசன மதிப்பீடுகளே காட்டியுள்ளன. அப்படியிருக்க, அந்த நகரை அந்நியமாகப் பார்க்க எமக்கு யார் கற்பித்தார்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த உறவினர் குடும்பத்துடன் ஒரு 'நகர் வலம்' வாகனத்தில் நானும் ஏறினேன். வழிகாட்டி இளைஞர் நல்லவர், நகைச்சுவையும் தெரிந்தவர். "இந்த நகரத்தைப் போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் வளர்த்தார்கள், ஆங்கிலேயர் முடித்துவைத்தார்கள்" என்று அவர் ஆங்கிலத்தில் கூறியபோது எல்லோரும் சிரித்தனர். செட்டியார் தெருவை அவர் 'நகைக்கடை வீதி' என்ற இரண்டே சொற்களில் கடந்தார். போர்த்துக்கேயர் 1518இல் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முன்னரே, 1344இல், மொரோக்கோப் பயணி இபின் பதூதா இத்துறைமுகத்துக்கு வந்து, இதன் பெயரைத் தன் பயணக் குறிப்பில் பதிந்துவிட்டார் என்று அந்த இளைஞருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரில் குற்றமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எம்மவரில் ஒருவருக்கேனும் "அப்படியா?" என்று திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் எனது ஆத்திரம். வாய் திறக்காதவனின் வரலாற்றை வாய் உள்ளவன் எழுதுவான். அதுதான் உலக வழக்கம்.

சரி, பார்க்க என்னதான் இருக்கிறது? சொல்கின்றேன்.

கறுவாத்தோட்டத்தில், ஆளுநர் வில்லியம் கிரகரி 1877இல் திறந்துவைத்த தேசிய நூதனசாலை இருக்கிறது. அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனப் பேரரசரின் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து காலியில் நிறுவிய கல் அது, 1409ஆம் ஆண்டுக்குரியது. அதில் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனம் புத்தபிரானைப் போற்றுகிறது. பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழோ தெனாவரை நாயனாரை, அதாவது தெவிநுவரவில் கோயில்கொண்ட திருமாலைப் போற்றுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் எனக் காணிக்கைப் பட்டியலும் உண்டு. 1911இல் காலி நகரில் ஒரு வடிகானின் மூடுகல்லாகக் கிடந்தபோது இது கண்டுபிடிக்கப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இத்தீவின் தென்கோடியில், உலகின் மாபெரும் கடற்படையொன்று தன் செய்தியைச் சொல்வதற்குத் தெரிவுசெய்த மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ்! மாத்தறைப் பக்கத்தில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு ஆயிரம் மேடைப் பேச்சுகள் வேண்டாம். இந்த ஒரு கல் போதும். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் அதன்முன் நின்றிருக்கின்றனர்?

அதே மண்டபங்களில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசரும் நாயன்மாரும் வெண்கலத் திருமேனிகளாக நிற்கின்றனர். ஆனந்த குமாரசுவாமி 1914இலேயே இவற்றைப் பற்றித் தனிநூல் எழுதினார். கண்டியரசின் சிம்மாசனமும் அங்குண்டு. ஒல்லாந்தர் 1693இல் அன்பளிப்புச் செய்த அந்த ஆசனத்தை 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல் திருப்பிக் கொடுத்தனர். அதில் இறுதியாக அமர்ந்தவர் கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்க குலத்தவர். 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டு, கொழும்பில் சிறைவைக்கப்பட்டு, 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு, 1832இல் வேலூரில் மாண்டவர். இந்நாட்டின் இறுதி மன்னனின் கல்லறை தமிழ்நாட்டில் இருக்கிறது. அவன் ஆசனம் கொழும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத் தந்தைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டி எழுப்பியவர் யார்? வாப்பிச்சி மரைக்கார் என்ற கொழும்பு முஸ்லிம். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு வேலிக்கு வேலி வாழ்ந்தும், வெட்டுப்பட்டும், மீண்டும் வாழப் பழகியும் வரும் எமது பிரதேசப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

கொச்சிக்கடைக்குப் போங்கள். பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் இருக்கிறது. பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முற்றிலும் கருங்கல்லாலேயே மீளக் கட்டினார். அதிலிருந்து சிறிது தூரத்தில், ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த வுல்பெண்டால் தேவாலயம். புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள். கால்நடையாகவே ஒரு முற்பகலில் பார்த்து முடிக்கலாம். நாம் புறக்கோட்டைக்குப் போகாதவர்களா என்ன? போகிறோம், மலிவு விலைக்குச் சீலை எடுக்க. தலையை ஒருமுறை நிமிர்த்துவதில்லை, அவ்வளவுதான்.

மட்டக்களப்பாருக்கென்றே ஓர் இடமும் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகம் அப்போது பேராதனைக்குப் போகவில்லை. கொழும்பில் தேர்ஸ்டன் வீதியைச் சூழ்ந்தே இயங்கியது. 'யாழ் நூல்' அரங்கேறிய அதே 1947ஆம் ஆண்டில், யூலை 19ஆம் நாள், கொழும்பிலேயே அவர் கண்மூடினார். கல்லடி உப்போடையில் அவருடைய சமாதிக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுகின்றோம், நல்லது. அவர் கற்பித்த வளாகத்தின் மதிலோரமாய் முச்சக்கர வண்டியில் போகும்போது "இங்கேதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல எமக்கு ஏன் வாய் வருவதில்லை?

இனி, எவருடைய பிரசுரத்திலும் இல்லாத கொழும்புக்கு வருகின்றேன்.

காலிமுகத்திடல். காற்றாடி விடும் புல்வெளி. 1956 யூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து செல்வநாயகமும் தோழர்களும் சத்தியாக்கிரகம் இருந்த இடம் இது. அக்காலப் பாராளுமன்றத்தின் கண்ணெதிரே அவர்கள் குண்டர்களால் தாக்கப்பட்டனர். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். அதே திடலில் 2022இல் மாபெரும் மக்கள் எழுச்சி நடந்தது. அவ்வாண்டு மே 18இல் அங்கே முள்ளிவாய்க்காலின் நினைவாகக் கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞரும் அதை வாங்கிக் குடித்தனர். 66 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒரே புல்வெளியில் நின்று சொல்லக்கூடிய இடம் இலங்கையில் வேறெங்குண்டு? நாமோ இறால் வடைக்கு வரிசையில் நிற்கின்றோம்.

சுதந்திர சதுக்கம். 1948 பெப்ரவரி 4இன் நினைவாக, கண்டி அரச மண்டபத்தின் சாயலில் கட்டப்பட்ட மண்டபம். புகைப்படத்துக்கு அழகான இடம். மணப்பெண்களும் மாப்பிள்ளைகளும் வரிசையாய் நிற்பர். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது என்பதை அந்தத் தூண்கள் சொல்லமாட்டா. நாம்தான் சொல்ல வேண்டும். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் வித்தியா மாவத்தை இருக்கிறது. எந்த வழிகாட்டி நூலும் அந்தத் தெருவைக் குறிப்பிடாது. 2006 டிசெம்பர் 15ஆம் நாள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத், விஞ்ஞான மாநாடொன்றுக்காக அங்கு சென்றிருந்தபோது காணாமலாக்கப்பட்டார். உயர் பாதுகாப்பு வலயம், பட்டப்பகல். வந்தாறுமூலை வளாகத்தின் தலைவர் தலைநகரின் நடுவில் மறைந்துபோனார். அந்த விவகாரத்தில் கைது நடைபெற 2025 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கும் வடு ஒன்று கொழும்பு ஏழில் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயர்கூட எமது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பொரளையில் வெலிக்கடைச் சிறை. 1983 யூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் அதன் மதில்களுக்குள் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியவர்களை எங்கே கொண்டுவந்தனர்? எங்கள் மட்டக்களப்புச் சிறைக்கு. அவ்வாண்டு செப்டெம்பர் 23இல் அச்சிறை உடைக்கப்பட்டது. கொழும்பின் ஒரு மதிலும் மட்டக்களப்பின் ஒரு மதிலும் இரண்டு மாதத்துக்குள் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்களாயின. வெலிக்கடை வாசலில் அரசு நாட்டிய நினைவுக்கல் ஒன்றை நான் கண்டதில்லை. நாட்டமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால், கல் நாட்டப்படாத இடத்தில் நினைவை நாட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பேரூந்து அந்த வழியே போகும்போது, "இந்த மதில்தான்" என்று பக்கத்து ஆசனத்துப் பிள்ளைக்குச் சொல்ல எந்தத் திணைக்களத்தின் கடிதம் வேண்டும்?

தலைநகர் என்று சட்டப்படி சொல்வதானால் அது ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை. 1982இல் பாராளுமன்றம் அங்கு போயிற்று. தியவன்னா நீரின் நடுவே ஜெப்ரி பாவா வரைந்த மண்டபம். அந்த ஊரின் பழைய மதிற் சுவடுகளும் அகழியின் எச்சங்களும் இன்றும் உள்ளன. அங்கிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் படை 1450இல் யாழ்ப்பாணத்தை வென்றது என்று பாடநூல் சொல்கிறது. வெற்றிப் பெருமிதத்தோடு சொல்கிறது. அதே மன்னனின் காலத்துப் பெருங்கவிஞரான தொட்டகமுவ ஸ்ரீ ராகுல தேரர் தமிழும் கற்றவர் என்பதையும், தமது 'சலலிஹினி சந்தேசய'வில் ஈசுவரன் கோயிலில் தமிழ்த் துதிகள் பாடப்படுவதைக் குறிப்பிட்டார் என்பதையும் அதே மூச்சில் சொல்வதில்லை. அந்தத் தலைநகருக்குப் பெயராகி நிற்பதே 'கோட்டை' என்ற சொல்தான்! வாசல் வரை போய்விட்டு, "இது எங்கட இல்லை" என்று திரும்பி வருபவன் எவ்வளவு பெரிய செல்வந்தன் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறியாதவனல்லன் நான். "இரத்தம் சிந்திய நகரில் உல்லாசப் பயணமா?" என்று ஒருவர் கேட்பார். 1958ஐயும் 1977ஐயும் 1983ஐயும் கண்டவர்கள், சோதனைச் சாவடியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அந்நகரை மிதிக்கவே கூசுவார்கள். அவர்கள் காலடியில் நான் தலைவணங்குகின்றேன். அவர்களுக்கு உபதேசம் சொல்ல எனக்கு அருகதையில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தைக் கவசமாக்கிக்கொண்டு, பேரங்காடியில் மட்டும் கூச்சமின்றி உலாவுகின்றவருக்கு என் பதில் இதுதான்: உல்லாசத்துக்காக உங்களை நான் அழைக்கவில்லை. சாட்சி சொல்ல அழைக்கின்றேன். பெர்லினுக்குச் செல்பவர்கள் இடிந்த சுவரையும் யூதர் நினைவிடத்தையும் தேடிச் செல்கிறார்களே, அது களியாட்டமா?

"மூன்று நாள் போதாது" என்பார் இன்னொருவர். போதும். முதல்நாள் காலை நூதனசாலை; மாலை சுதந்திர சதுக்கமும் வித்தியா மாவத்தையும். இரண்டாம் நாள் முற்பகல் கொச்சிக்கடையிலிருந்து புறக்கோட்டை வரை நடை. பொழுது சாய்கையில் காலிமுகத்திடல். மூன்றாம் நாள் பொரளை வழியாகக் கோட்டே. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் புறப்படுமுன் இரண்டு மாலைப்பொழுது வாசிப்பும், கூடவரும் பிள்ளையிடம் பேச ஒரு வாயும். ஆசிரியர்களே, உங்கள் கல்விச் சுற்றுலாவில் தாமரைக் கோபுரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அந்த மும்மொழிக் கல்லுக்கு ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோரே, "அப்பா, எங்கட வரலாறு எங்கே இருக்கு?" என்று உங்கள் பிள்ளை ஒருநாள் கேட்கும். கைத்தொலைபேசியைத் தட்டி யாரோ எழுதியதைக் காட்டுவதைவிட, கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று காட்டுவது மேல்.

இறுதியாக, எமது முற்றத்தையும் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் நான் எழுதியதெல்லாம் பிறருக்கு மட்டும் சொன்ன நியாயமாகிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். கொழும்பிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருகின்றனர். மூன்று நாளல்ல, மூன்று நான்கு ஆண்டுகள் எம்மோடு இருக்கின்றனர். 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், அந்த வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டு, திரும்பிவரவேயில்லை என்பது, தாங்கள் தினமும் நடக்கும் நிலத்தின் கதை என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களும் பாசிக்குடாவில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். நாம் கொழும்பில் செய்வதையே அவர்கள் வந்தாறுமூலையில் செய்கின்றனர். "எங்கள் துயரம் தென்னிலங்கைக்குத் தெரியவில்லை" என்று முறையிடும் நாம், அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்று, அவர்களுக்கு விளங்கும் மொழியில், கோபமின்றி, ஆண்டும் எண்ணிக்கையும் பிசகாமல் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

அடுத்த முறை கொழும்பு சென்று வரும் யாரேனும் "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று சொன்னால், வாசகர்களே, அவரிடம் ஒரேயொரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "கொழும்பிலிருந்து ஒருவர் வந்தாறுமூலைக்கு வந்தால், நீங்கள் அவருக்கு எதைக் காட்டுவீர்கள்?" அதற்கு விடை சொல்லத் தெரிந்தவருக்குக் கொழும்பையும் பார்க்கத் தெரியும்.